ஆறாவது சங்கிலியில் புதைத்த கரி

புத்தகத்தில் தன் பெயர் வர வேண்டும் என்ற ஆசை ஒரு மனிதனுக்கு அறுபத்தேழாவது வயதில் வரக் கூடாது. இருபதில் வந்தால் கவிதை எழுதித் தொலைப்பான், ஊருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அறுபத்தேழில் வந்தால் என்ன ஆகும் என்று காட்டுவதற்குச் சங்கிலி ஒருவரே போதும்.

சங்கிலி என்பது அவருடைய பெயர் அல்ல. வீட்டில் வைத்த பெயர் வேறு. நில அளவை அலுவலகத்துச் சம்பளப் பட்டியலில் முப்பத்திரண்டு வருடம் அந்தப் பெயர்தான் இருந்தது. ஆனால் அவர் செய்த வேலை சங்கிலி பிடிப்பது. சர்வேயர் குடை நிழலில் நின்று அளவுப் புத்தகத்தில் எழுதுவார். இவர் அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலியின் முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் நடப்பார். சங்கிலி விறைத்து நேரானதும் “ஆச்சு” என்று குரல் கொடுப்பார். ஒரு சங்கிலி என்று அங்கே ஒரு கோடு விழும். பிறகு அடுத்தது. வயல், வாய்க்கால், குன்று, சுடுகாடு, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்த வட்டாரத்தை முழுக்கக் காலால் தேய்த்தவர் என்று சொன்னால் மிகை இல்லை. ஆனால் எந்தப் பதிவேட்டை எடுத்தாலும் சர்வேயரின் கையெழுத்துதான் இருக்கும். சங்கிலி பிடித்தவன் யார் என்று எழுத அதில் கட்டமே கிடையாது.

இந்தக் குறை அவருக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அரிப்பு இன்னும் கூடியது. தெருவில் யாராவது வேலி போட்டால் போதும், போய் நின்றுகொண்டு, “இதுக்குக் கிழக்க ஒரு கல் இருந்துச்சு தெரியுமா? நான் நட்டது” என்று ஆரம்பிப்பார். கேட்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினால் அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

“மாசம் பிறந்தா பென்ஷன் வருதில்ல. இன்னும் என்ன, சிலை வெக்கணுமா?”

அப்படிக் காய்ந்து கிடந்த மனிதரிடம்தான் மேனேஜர் வந்து சேர்ந்தார்.

மேனேஜர் என்றால் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசியாக மாற்றலாகி வந்த ஊர் பிடித்துப்போய் அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். பொழுது போக வேண்டுமே, அந்த வட்டாரத்தைப் பற்றிப் புத்தகம் எழுத ஆரம்பித்தார். “நம் வட்டாரம்” என்று பெயர். முதல் தொகுதி குன்றுகளும் ஓடைகளும். இரண்டாம் தொகுதி தெருக்களும் தொழில்களும். பிறந்து வளர்ந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற ஓடையை அவர் நாலு பக்கத்துக்கு வர்ணித்திருந்தார். பறவைகளுக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அந்த வட்டாரத்தின்மேல் அவருக்கு நிஜமாகவே பாசம் இருந்தது. அதில் குடியிருந்த மனிதர்கள்தான் கொஞ்சம் இடைஞ்சல்.

மூன்றாம் தொகுதி ஏரி குளங்களைப் பற்றி. பழைய அளவைக்காரர் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தபோது யாரோ கையைக் காட்டிவிட்டார்கள். ஒரு மத்தியானம் மேனேஜர் வந்து முன் அறையில் உட்கார்ந்து, கைப்பேசியில் பதிவு செய்கிற பொத்தானை அமுக்கி, மேசைமேல் வைத்து, “சொல்லுங்க” என்றார்.

சொல்லுங்க என்று சங்கிலியைப் பார்த்து யாரும் சொல்லிக் கேட்டதே இல்லை. மனிதர் மடை திறந்துவிட்டார். ஒன்பது மத்தியானம் பேசினார். மனைவி உள்ளேயிருந்து ஒன்பது நாளும் காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கிட்ட பேசினதை மொத்தமாக் கூட்டினாலும் இவ்வளவு தேறாதுங்க சார்” என்று மேனேஜரிடம் சொன்னார். குரலில் கேலி பாதி, மீதி கேலி இல்லை.

ஒன்பதாம் நாள்தான் சங்கிலி கரியைப் பற்றிச் சொன்னார். எல்லைக்கல் நடும்போது ஒரு முழத்துக்குக் குழி தோண்டி, முதலில் ஒரு கூடை அடுப்புக்கரியைக் கொட்டி, அதன்மேல்தான் கல்லை இறக்குவார்கள். அலுவலகத்து விதி அது.

“எதுக்குக் கரி?” என்று மேனேஜர் கேட்டார்.

“கல்லைப் பிடுங்கிட்டுப் போய் துணி துவைக்கப் போட்டுக்குவாங்க சார். ரெண்டு அடி தள்ளி நட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிப்பாங்க. கரியை எவன் திருடப் போறான்? மண்ணுக்குள்ள நூறு வருஷம் ஆனாலும் மக்காது. கல்லு போனாலும் தோண்டிப் பார்த்தா எல்லை எங்கன்னு கரி சொல்லிடும்.”

மேனேஜர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “இப்பத் தோண்டினாலும் இருக்குமா?”

“இல்லாம எங்க போகும்?”

வாய் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் காலை ஏரிப் பக்கம் காரில் போனார்கள். கடப்பாரை, மண்வெட்டி, மேனேஜரின் பெரிய கேமரா. மதகுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார் சங்கிலி. முழங்கால் ஆழம் தோண்டியும் வெறும் களிமண். பிறகு தோப்பு மூலையில் ஓர் இடம். அங்கே ஒரு பழைய செருப்பு கிடைத்தது. வெயில் ஏறிவிட்டது. மேனேஜர் கேமராவை உறைக்குள் போட்டார்.

“பரவாயில்ல சங்கிலி. எத்தனை வருஷம் ஆச்சு. உங்களுக்கும் வயசாயிடுச்சில்ல, இடம் எப்படி ஞாபகம் இருக்கும்?”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் சங்கிலிக்குச் சுருக்கென்று தைத்தது. ஞாபகம் இல்லை என்றால் ஒன்பது மத்தியானம் பேசியது எல்லாம் கதை என்றுதானே அர்த்தம். புத்தகத்தில் தன்னை ஒரு வரியில் முடித்துவிடுவார் என்று பயம் வந்தது. எண்ணூறு கல்லுக்குமேல் நட்டிருக்கிறார். நேர்மையாக அளந்து, நேர்மையாகக் கரி கொட்டி நட்டவை அத்தனையும் ஒன்றுபோல் கலந்து மறந்துபோய்விட்டன. மறக்காமல் ஆணி அடித்த மாதிரி நினைவில் நின்றது ஒரே ஒரு கல். அது பொய்யாக நட்ட கல்.

அந்தக் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அந்த ஏரிக்கு எல்லை அளந்தார்கள். சாலையோர மைல்கல்லிலிருந்து ஏரியை நோக்கி ஒன்பது சங்கிலி தூரம் போய்ப் பதினான்காம் எண் கல்லை நட வேண்டும். அந்த வருடம் பேய் மழை. ஏரி தன் எல்லையைத் தாண்டி வெளியே வந்து புஞ்சை நிலத்திலெல்லாம் நின்றுகொண்டிருந்தது. ஆறாவது சங்கிலியிலேயே தண்ணீர் வந்துவிட்டது. சங்கிலி அப்போது இருபத்தாறு வயது ஆள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மார்பு அளவு தண்ணீர், கோரை, தொடையில் இரண்டு அட்டை. சர்வேயருக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

“மேல வாடா. இங்கயே நடு” என்றார் சர்வேயர்.

“சார், இது ஆறு சங்கிலிதான் ஆகுது.”

“தண்ணிக்குள்ள போய் உங்கப்பனா கரி கொட்டுவான்? நான் ஒன்பதுன்னு எழுதிக்கறேன். நீ நடு.”

ஆறாவது சங்கிலியில், தண்ணீரின் ஓரத்தில், நல்ல கரியாகவே ஒரு கூடை கொட்டிக் கல்லை நட்டார்கள். ஒன்பது என்று எழுதினார்கள். ஐந்து மணி பஸ்ஸையும் பிடித்தார்கள். பல மாதம் தூங்காமல் கிடந்தார் சங்கிலி, யாராவது அளந்து பார்த்துவிட்டால் வேலை போய்விடுமே என்று. யாரும் பார்க்கவில்லை. மழைத் தண்ணீர் வடிந்து ஏரி தன் இடத்துக்குப் போயிற்று. கல்லை யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். அளவுப் புத்தகத்தை அலுவலகத்துக் கிடங்கில் கரையான் தின்றது. சாலையை இரண்டு முறை அகலப்படுத்தியதில் மைல்கல் போன இடம் தெரியவில்லை. சர்வேயர் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்தது மண்ணுக்குள் கரியும், மண்ணுக்கு மேல் சங்கிலியும்தான்.

அந்த இடத்துக்குத்தான் மேனேஜரை அழைத்துக்கொண்டு போனார்.

அங்கே இப்போது தெரு. தெருமுனையில் ஒரு காலி மனை. மனையைத் தாண்டி ஏரியை நோக்கிப் பதினொரு வீடு. இரண்டாவது வீடு சங்கிலியின் தங்கை வீடு. தங்கை தையல் வேலை செய்கிறவள். கணவன் இறந்தபோது மில்லில் கொடுத்த பணத்தையும் பல வருடம் ரவிக்கை தைத்துச் சேர்த்ததையும் போட்டுக் கட்டிய வீடு. இரண்டு அறை. முன் அறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், துணி வெட்டுகிற மேசை, முழு உயரக் கண்ணாடி ஒன்று. பின்னால் சமையல் அறை. அவ்வளவுதான்.

காலி மனையில் மூன்றாவது வெட்டிலேயே மண் கறுத்தது. நாலாவது வெட்டில் கரி வந்தது. சங்கிலி குனிந்து ஒரு துண்டை எடுத்து, வேட்டியில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது.

“வரலாறு சங்கிலி, இது வரலாறு” என்றார்.

சத்தம் கேட்டுத் தங்கை கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். அண்ணனைச் சுற்றிக் காரும் கேமராவும் பார்த்ததும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் இரண்டு டம்ளரில் டீ போட்டு எடுத்துவந்தாள். மேனேஜர் படம் எடுத்தபோது, “அண்ணா, சட்டைப் பொத்தானைப் போடு” என்று சொன்னவளும் அவள்தான்.

அந்த நேரத்தில் சங்கிலிக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்றால், தோன்றியது. அது ஆறு சங்கிலி, ஒன்பது இல்லை என்று நெஞ்சுக்குள் ஒரு முறை முட்டியது. சொன்னால் மேனேஜர் முகம் தொங்கிப்போகும். இத்தனை வருட வேலையும் ஒரு பொய்யில் வந்து நிற்கும். அதுவும் போக, புத்தகம்தானே. இதை எவன் படிக்கப் போகிறான்? முதல் இரண்டு தொகுதியும் எழுதுபொருள் கடையில் பென்சில் டப்பாவுக்கு முட்டுக்கொடுத்து நிற்பதை அவரே பார்த்திருக்கிறார். பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றார்.

ஐந்து மாதத்தில் புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவில் சங்கிலியை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முழுப் பக்கப் படம். கையில் கரி, பின்னால் தங்கை வீட்டு நீலச் சுவர். கீழே அவருடைய முழுப் பெயர், வீட்டில் வைத்த பெயர், தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு. “கல்லு போனாலும் எல்லை எங்கன்னு கரி சொல்லிடும்” என்று அவர் சொன்னதை அப்படியே போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு சங்கிலி ஒரு மாதம் தரையில் நடக்கவில்லை. துணிப்பையில் புத்தகத்தைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போவார். முடி வெட்டுகிற கடையில் விரிப்பார், டீக்கடையில் விரிப்பார். பக்கம் தானாகவே திறந்துகொள்ளும், அத்தனை முறை திறந்தாயிற்று. தங்கைக்கு ஒரு பிரதி கொடுத்தார். அவள் அதற்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். அளவு கொடுக்க வருகிற பெண்களிடம், “எங்கண்ணன்” என்று காட்டினாள்.

யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தார் அல்லவா? படித்தார்கள். ஏரிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓர் அமைப்பு. நல்ல நோக்கம்தான், குறை சொல்ல முடியாது. அந்த ஏரியில் இருக்கிற ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி வழக்கு போட்டிருந்தார்கள். எல்லை எங்கே என்று தெரியாததால் வழக்கு நாலு வருடமாக நொண்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்து வரைபடத்தில் பதினான்காம் கல் என்று ஒரு புள்ளி இருக்கிறது. கல் எங்கே நின்றதோ அதுதான் எல்லை. கல் எங்கே என்று கேட்டால் அளவுப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்கிறது வரைபடம். அளவுப் புத்தகம் கரையான் வயிற்றில். இப்போது பார்த்தால், கல் நின்ற இடமே கரியும் படமுமாக, கல்லின் எண்ணோடும் நட்டவர் பெயரோடும், அச்சில் வந்திருக்கிறது. அதிகாரிகள் வந்து தோண்டினார்கள். மிச்சக் கரியும் கிடைத்தது. பதினொரு வீட்டுக் கதவிலும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள்.

தங்கை நோட்டீஸைக் கிழிக்காமல் பசையோடு பிரித்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அவள் பயப்படவில்லை.

“இதைக் கொஞ்சம் பாரு அண்ணா. என்னமோ தப்பா ஒட்டிட்டுப் போயிருக்காங்க. நீதானே சொன்னே, எல்லை இன்னும் தள்ளி இருக்குன்னு.”

சொன்னார்தான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அந்த மனையை வாங்கலாமா வேண்டாமா என்று அவள் தயங்கியபோது, ஏரி நிலம் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தியபோது, அவர்தான் சொன்னார். நான் சங்கிலி பிடித்த இடம், உண்மையான எல்லை உன் மனைக்கு அந்தப் பக்கம் நூறு அடிக்குமேல் தள்ளி இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள். சொன்னது சத்தியம். ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஏழாவது சங்கிலியில் இருக்கிறது அவள் வீடு. ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பொய்க் கல்லைப் பற்றி மட்டும் அப்போது அவளிடம் சொல்லவில்லை. வேலையில் செய்த திருட்டுத்தனத்தைத் தங்கையிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

சங்கிலி நோட்டீஸை வாங்கி இரண்டு முறை படித்தார். மனைவி சமையல் அறை வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் போன பிறகு கேட்டார்.

“என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

சொன்னார். மனைவி திட்டவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே சங்கிலி மேனேஜர் வீட்டுக்கு ஓடினார். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி இது.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல? அடுத்த பதிப்பு அச்சுக்குப் போயாச்சே.”

“தப்புன்னு போட்டுருங்க சார். நான் சொன்னது பொய்யின்னு என் பேர்லயே போடுங்க.”

மேனேஜர் எழுந்துவந்து அவர் தோளில் கை வைத்தார். “எனக்குப் புரியுது சங்கிலி. கூடப் பிறந்தவ வீடு. யாரா இருந்தாலும் மனசு கேக்காது. ஆனா அதுக்காக நீங்க உங்க வேலையையே பொய்யின்னு சொல்லிக்க வேண்டாம். அந்தக் கரியை நான் என் கண்ணால பார்த்தேன்.”

அதுதான் சார் பொய்க் கரி என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த முகத்தில் இருந்த கனிவைப் பார்த்ததும் கத்தி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. தன் புத்தகத்தின் மிக அழகான பக்கத்தை அந்த மனிதர் உயிர் போனாலும் விட மாட்டார்.

அடுத்து, நோட்டீஸ் ஒட்டச் சொன்ன அதிகாரி. சங்கிலிக்கு மகளாக இருக்கிற வயது அந்த அம்மாளுக்கு. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மேசைமேல் புத்தகம் இருந்தது.

“ஐயா, இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானே?”

“நான்தான் மேடம். ஆனா அது தப்பான இடத்துல போட்ட கரி.”

ஆறு சங்கிலி, ஒன்பது சங்கிலி, மழை, அட்டை, ஐந்து மணி பஸ், எல்லாம் சொன்னார். நாற்பத்தொரு வருடம் உள்ளே வைத்துப் பூட்டியதைக் கொட்டித் தீர்த்தார். அதிகாரி குறுக்கே பேசவில்லை. குறிப்பும் எடுத்துக்கொண்டார்.

“சரி. அன்னிக்குக் கல் நட்ட இடம் வரைக்கும் தண்ணி நின்னுச்சு, இல்லையா?”

“ஆமா மேடம். மழை ஜாஸ்தி.”

“எந்தத் தண்ணி?”

“ஏரித் தண்ணிதான். எல்லையைத் தாண்டி வெளிய வந்த தண்ணி.”

“ஏரித் தண்ணி வந்து நின்ன இடத்தை ஏரின்னு சொல்லாம வேற எப்படி ஐயா சொல்றது?”

 அவர் சங்கிலி பிடித்தவர், சட்டம் படித்தவர் இல்லை.

“நீங்க சொல்ற அளவுப் புத்தகம் இருக்கா?”

“கரையான் தின்னுடுச்சு.”

“மைல்கல்?”

“ரோடு போட்டப்ப எடுத்துட்டாங்க.”

“அந்த சர்வேயர்?”

“செத்துப் போயிட்டார்.”

“அப்ப உங்களுக்குச் சாட்சி நீங்க மட்டும்தான். எதிர்ச் சாட்சியும் நீங்கதான், இதோ அச்சுலயே இருக்கு.” அதிகாரி பேனாவை மூடினார். “ஒரு கல்லைப் பொய்யா நட்டோம்னு நீங்க எழுதிக் கொடுத்தா, நீங்க நட்ட மத்த எண்ணூறு கல்லையும் நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து பொய்யின்னு சொல்லுவாங்க. அது பரவாயில்லையா? இன்னொண்ணும் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நோட்டீஸ் ஒட்டின வீட்டுல உங்களுக்குச் சொந்தம் யாராவது இருக்காங்களா?”

“கூடப் பொறந்த தங்கச்சி.”

 அதிகாரி ஏளனமாகச் சிரித்திருந்தால்கூட எழுந்து சண்டை போட்டிருப்பார் சங்கிலி. அந்த அம்மாள் மரியாதையாக எழுந்து கதவுவரை வந்து வழியனுப்பினார். எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக் கோப்பில் சேர்த்தார்கள். அதற்கு ஒரு எண்ணும் போட்டார்கள்.

பதினொரு வீட்டையும் இடிக்க உத்தரவு வந்துவிட்டது. அந்தத் தெருவில் சங்கிலியால் தலை காட்ட முடியவில்லை. முதல் வீட்டுக்காரர், போன வருடம்வரை மாமா மாமா என்று கூப்பிட்டவர், அவர் வருவதைப் பார்த்ததும் காறித் துப்பினார். கடைசி வீட்டில் நடக்க முடியாத ஒரு கிழவர் இருந்தார். அவரைக் கட்டிலோடு தூக்கிப் போனபோது அவர் மருமகள் தெருவில் நின்று சங்கிலியின் முழுப் பெயரையும் சொல்லி மண்ணை வாரித் தூற்றினாள். புத்தகத்தில் போட்டிருந்ததால் இப்போது எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

இடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் தங்கை ஒரு வேலை செய்தாள். தைக்கக் கொடுத்திருந்த துணிகளை எல்லாம் பெயர்ச்சீட்டுப் பார்த்துப் பிரித்தாள். வெட்டியவற்றைத் தைத்து முடித்தாள். வெட்டாதவற்றை மடித்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். வெட்டிய துணியில் மிஞ்சிய ஒட்டுத்துண்டுகளைக்கூட அந்தந்தப் பையில் போட்டிருந்தாள்.

இடிக்கிற இயந்திரம் காலை பத்து மணிக்கு வந்தது. அதற்குள் சின்ன வண்டி ஒன்றில் சாமான் ஏறிவிட்டது. கண்ணாடியைப் பழைய புடவையில் சுற்றியிருந்தாள். தையல் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது சங்கிலி வந்து நின்றார். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவரும் நேருக்கு நேர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“நம்ம வீட்டுக்கு வந்துடு” என்றார். “முன் அறையை உங்கண்ணி ஒழிச்சு வெச்சிருக்கா. மெஷினை ஜன்னல் பக்கமே போட்டுக்கலாம்.”

“மச்சினர் வீட்டுல இடம் குடுத்திருக்காங்க.”

“அவங்க வீட்டுல ஏற்கெனவே ஏழு பேரு.”

“எட்டாவதா இருந்துக்கறேன்.” முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “அந்தக் கல்லே பொய்யின்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தியாமே.”

“குடுத்தேன். ஒருத்தர்கூட நம்பலம்மா.”

“நான் நம்பறேன்.”

அவ்வளவு நாள் அடைத்துக்கொண்டிருந்தது உடைந்து சங்கிலிக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீ ஒருத்தி நம்பினாப் போதும். எனக்கு அது போதும்” என்றார்.

“உனக்குப் போதும். ஏரி நிலத்துல தெரியாம கட்டிட்டேன், இடிச்சுட்டாங்கன்னா நான் மனசை ஆத்திக்குவேன் அண்ணா. நம்ம தப்புன்னு போயிடுவேன். இங்க இருக்கற எல்லாரும் அப்படித்தான் நினைச்சுட்டுப் போறாங்க, பாவம். எனக்கு அதுக்கும் வழியில்ல. இது நல்ல நிலம்னு எனக்குத் தெரியும், நீ சொன்னே. அந்தக் கரி பொய்யின்னு அன்னிக்கு உனக்குத் தெரியும். நான் உனக்கு நாலு அடி தள்ளித்தான் நின்னேன். ஒரு வார்த்தை சொல்லலையே.”

பின்னால் முதல் வீட்டுச் சுவர் சரிகிற சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“எதுக்குப் பண்ணினே?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள், பதிலுக்காக நின்றாள்.

ஏதாவது சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன், யோசிக்கவில்லை, வெயில், வயது, எவ்வளவோ இருக்கிறது. அன்றைக்கு அவருக்குப் பொய் வரவில்லை.

“புத்தகத்துல பேர் வரும்னு.”

தங்கை முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

“அதான் வந்துடுச்சே” என்றாள். பிறகு வண்டியில் ஏறி மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுநரைக் கிளம்பச் சொன்னாள்.